பூசணிப் பிஞ்சும் மடங்கிய விரலும்

அந்தக் காலத்தில் செடிக்கும் வாய் இருந்தது, தேனீக்கும் வாய் இருந்தது. மனிதருக்கு வாயோடு சேர்த்து விரலும் இருந்தது. அதுதான் வினை.

விரல் இன்றைக்கும் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறதுதான். ஆனால் கொடியில் இருக்கும் பூசணிப் பிஞ்சைப் பக்கத்தில் நிற்பவருக்குக் காட்ட வேண்டுமென்றால் இன்று நாம் சுட்டு விரலை நீட்டுவதில்லை. அதன் முன்பாதியை உள்ளே மடக்கி, முட்டியால் காட்டுகிறோம். ஏன் என்றால், நீட்டிக் காட்டினால் பிஞ்சு அழுகி விழுந்துவிடுமாம், அதற்குத் தாங்காதாம். பழியைப் பிஞ்சின் மேல் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. தாங்காதது எது என்பதைக் கதை முடிந்த பிறகு பேசிக்கொள்வோம்.

மலையடிவாரத்தில் ஓர் ஊர். அந்த ஊரில் வழக்கு விசாரிக்க மரத்தடியும் கிடையாது, சாட்சி சொல்ல ஆளும் கிடையாது. கோழி காணாமல் போனாலும் சரி, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் சரி, யாராவது ஒருவர் விரலை நீட்டுவார். மற்றவர்கள் விரல் போன திசையில் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தவர்களும் விரலை நீட்டிவிட்டால் தீர்ப்பு முடிந்தது. நீட்டப்பட்டவர் ஒரு சட்டியும் மாற்றுச் சேலையோ வேட்டியோ எடுத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் ஓடையைத் தாண்டிவிட வேண்டும். திரும்பி வரக் கூடாது. ஏன் என்று கேட்க எல்லோருக்கும் வாய் இருந்தது. செடிக்குக்கூட இருந்தது என்று முதலிலேயே சொன்னேன். ஒருவரும் கேட்டதில்லை.

அந்த ஊரில் மாடத்தி, பேச்சி என்று இரண்டு ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் மாடத்தி, தம்பியைக் கட்டியவள் பேச்சி. மாடத்தியின் புருஷன் விஷக் காய்ச்சலில் போய்விட்டான். பேச்சியின் புருஷன் கொம்பையா நல்ல தீனிக்காரன், திடமாக இருந்தான். வீட்டுக்குப் பின்னால் இருந்த புழக்கடையை ஒரு குட்டைக் கற்சுவர் இரண்டாகப் பிரித்தது. பேச்சி பக்கம் மண்வெட்டி வழுக்கிக்கொண்டு இறங்குகிற மண். மாடத்தி பக்கம் பாறை. பங்கு பிரித்தபோது அவள் பக்கம் பேச யாரும் இல்லை.

மாடத்திக்குக் கைராசி கிடையாது என்பது ஊரின் முடிவு. அவள் தடவிக்கொடுத்த பசு செத்துப்போனது. அந்தப் பசுவுக்குப் பல்லெல்லாம் எப்போதோ கொட்டியிருந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. அவள் ஊன்றிய முருங்கைக் கொம்பு பட்டுப்போனது. பாறையில் ஊன்றினால் பூக்கவா செய்யும்? அவள் கட்டிய புருஷன் செத்தான். அந்த மாசம் அதே காய்ச்சலில் தெருவுக்கு ஒருவராவது செத்தார்கள். அவர்களுடைய பெண்டாட்டிமாரின் கைராசி மட்டும் எப்படியோ மிஞ்சியிருந்தது.

மாடத்தியின் பிறந்த ஊரை ஒரு மழையில் ஆறு கொண்டுபோயிருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் அவளுக்கென்று ஒரு கூரை இல்லை, ஒரு முகம் இல்லை. அது அவளுக்குத் தெரியும். அதனால் யாருடைய விரலும் தன் பக்கம் திரும்பிவிடாதபடி சுவரோரமாகவே நடந்து, மெதுவாகவே பேசி, பழகியிருந்தாள்.

அதுவரை அந்த ஊரில் காய் வேண்டுமென்றால் காட்டுக்குத்தான் போக வேண்டும். கிடைத்தால் குழம்பு, கிடைக்காவிட்டால் கஞ்சி. ஒரு பங்குனி மாசம், வேம்பு பூத்து முற்றமெல்லாம் வெள்ளையாகக் கொட்டிக் கிடந்த காலையில், பேச்சிக்கு ஒரு யோசனை வந்தது.

"காய்க்கு நாம காட்டைத் தேடிப் போறமே, காடு நம்ம புழக்கடைக்கு வந்தா என்ன?" என்றாள் புருஷனிடம்.

"வரட்டும், வரட்டும்," என்றான் கொம்பையா. "புலியும் கூடவே வரும். அதுக்கும் ஒரு இலை போடு."

பேச்சி சிரிக்கவில்லை, மண்வெட்டியை எடுத்தாள். கல்லைப் பொறுக்கி ஓரத்தில் குவித்தாள். அடுப்புச் சாம்பலையும் மக்கின சாணத்தையும் மண்ணில் கலந்து கிண்டினாள். ஆடு நுழையாமல் கருவேல முள்ளை வெட்டி வந்து அடைத்தாள். காட்டிலிருந்து கொண்டுவந்த விதைகளை ஈரத்துணியில் முடிந்து வைத்து, வாய் பிளந்ததும் ஊன்றினாள். வெயிலில் கத்தரி, வேலியோரம் பாகல், நடுவில் வெண்டை. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எப்போதும் ஓடி நனைக்கிற இடத்தில் பூசணி. வீட்டுத்தோட்டம் என்பதை முதலில் போட்டவள் அவள்தான். அந்தப் பெருமையை அவளிடமிருந்து யாரும் பிடுங்க வேண்டாம்.

விதை ஊன்றிய அன்று மாடத்தி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி பேச்சி, நானும் ஒரு விதை போடட்டுமா?"

பேச்சியின் கை மண்ணிலேயே நின்றது. அவள் கெட்டவள் இல்லை. ஊர் சொன்னதை நம்பியவள். கெட்டவளைவிட அது பரவாயில்லையா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

"எக்கா, தப்பா நினைக்காதிய. முதமுதல்ல போடுதேன். உங்களுக்குத் தெரியாததா. நீங்க வேணும்னா ஊருணித் தண்ணியைக் கொண்டாந்து சுவர் மேல வச்சிருங்க. நான் ஊத்திக்கிடுதேன்."

மாடத்தி மண் ஒட்டாத தன் கையைப் பார்த்தாள். "சரிட்டி. கை படாது."

அன்று முதல் தினமும் விடிந்ததும் மாடத்தி ஊருணியிலிருந்து குடம் சுமந்து வந்து சுவர்மேல் வைத்தாள். பேச்சி எடுத்து ஊற்றினாள். குடத்தைத் தூக்கிய கையின் ராசி தண்ணீரில் கரையாதா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. சுமக்கிற வேலைக்கு ராசி பார்க்கிற வழக்கம் அந்த ஊரில் இல்லை.

தோட்டம் கிளம்பிற்று. கத்தரி தலையில் கிரீடம் வைத்துக்கொள்ளப் போவதாக வெண்டையிடம் பீற்றிக்கொண்டது. வெண்டை தன் விரல் நீளத்தைக் காட்டியது. பாகல் வாயைத் திறந்தால் எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். பூசணிக்கொடி மட்டும் யாரோடும் வம்புக்குப் போகாமல், கையை நீட்டி நீட்டிச் சுவர்ப்பக்கம் தவழ்ந்தது. காட்டில் கோடைதோறும் காய்ந்து கருகிய சாதி அது. இங்கே தினமும் தண்ணீர், தினமும் பேச்சியின் தடவல். "என் கண்ணுல்லா, என் தங்கம்லா" என்று அவள் கொஞ்சும்போது அதற்குத் தண்டெல்லாம் கூசும்.

சித்திரை பிறந்ததும் கொடி பூத்தது. கைப்பிடி அளவுக்கு மஞ்சள் பூக்கள். பேச்சி குனிந்து ஒவ்வொரு பூவின் அடியையும் பார்த்தாள். நீளமான காம்பு இருந்தது. பிஞ்சு இல்லை.

"வெறும்பூ," என்றாள். "காயும் கிடையாது, பிஞ்சும் கிடையாது. சத்தை உறிஞ்சிட்டு மினுக்கிக்கிட்டு நிக்குது."

ஒரு பூவைக் கிள்ளினாள். கொடி நடுங்கியது.

"வலிக்குதாட்டி?" என்றாள் பேச்சி.

கொடிக்கு வலித்தது. வலியைவிடப் பெரிய விஷயம் ஒன்று அதற்குத் தெரிந்திருந்தது. அந்தப் பூ இல்லாமல் இனி வரப்போகிற பிஞ்சு எதுவும் நிற்காது. சொல்ல வாயெடுத்தது. அதற்குள் பேச்சியின் உள்ளங்கை இலையைத் தடவிக்கொடுத்தது.

"இல்லை," என்றது கொடி.

ஒரு சின்னப் பொய். மறுநாள் உண்மையைச் சொல்லலாம் என்று நினைத்தது. மறுநாள் சொன்னால், நேற்று ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பாளே. அதற்கு மறுநாள் இன்னும் கஷ்டம். வெட்கம் இப்படித்தான் வளரும், தண்ணீரே வேண்டாம்.

பேச்சி வெறும்பூக்களையெல்லாம் காலைதோறும் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டு போய், சின்ன வெங்காயமும் தேங்காயும் போட்டுத் துவட்டல் செய்தாள். கொம்பையா சட்டியை வழித்தான். "புலி வரலைன்னாலும் பரவாயில்லை, பூ வந்துச்சே," என்றான். பேச்சிக்குத் தாராளக் கை. கிண்ணத்தில் போட்டு எதிர்வீட்டு உலகம்மாளுக்குக் கொடுத்தாள். அடுத்த வீட்டுக்கு, அதற்கடுத்த வீட்டுக்கு என்று தெரு முழுக்கக் கொடுத்தாள். உலகம்மாள் விரலைச் சப்பிக்கொண்டே, "நாளைக்கும் உண்டாட்டி?" என்றாள்.

மாடத்திக்கு மட்டும் கொடுக்கவில்லை. முதல் விளைச்சல், ராசி பார்க்க வேண்டும். துவட்டல் மணம் சுவரைத் தாண்டிப் போனது. அதைத் தடுக்க முடியவில்லை.

தெரு புகழ்ந்ததில் பேச்சிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அம்மன் கோயில் திருவிழாவான கொடை நெருங்கிக்கொண்டிருந்தது. ஊருணிக் கரையில் வைத்துச் சொல்லிவிட்டாள்: "வைகாசிக் கொடைக்கு அம்மனுக்கு முதல் பூசணி என் புழக்கடையிலருந்துதான். காட்டுக்கு ஒருத்தரும் போக வேண்டாம்."

பிறகு பிஞ்சோடு பூக்கள் வந்தன. அடியில் கோலிக்குண்டு போலப் பச்சைப் பிஞ்சு, அதன் தலையில் பூ. பேச்சி அவற்றைத் தொடவில்லை, விளக்கேற்றிக் கும்பிடாத குறையாகக் காத்தாள். பூ விரிந்தது, மூடியது. பிஞ்சு மஞ்சளித்தது, நுனியில் குழைந்தது, விழுந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். பேச்சி விழுந்த பிஞ்சுகளை யாரும் பார்க்காமல் பொறுக்கி எருக்குழியில் புதைத்தாள். சாம்பல் போட்டாள். மிளகைக் கரைத்துத் தெளித்தாள். வேலியில் பழைய செருப்பைக் கட்டினாள். பிஞ்சுகள் விழுந்துகொண்டே இருந்தன.

உலகம்மாள் ஊருணியில் மெதுவாகக் கேட்டாள்: "என்ன பேச்சி, கொடைக்குப் பூசணி வருமா, இல்லை அம்மனுக்கும் துவட்டல்தானா?"

பெண்கள் சிரித்தார்கள். "கொடி காய்க்கலைன்னா என்ன, வாய்தான் நல்லாக் காய்ச்சிருக்கே," என்றாள் இன்னொருத்தி.

பேச்சி குடத்தை நிரப்பாமலேயே வீட்டுக்கு வந்தாள். காதுமடல் எரிந்தது. "யார் கண்ணு பட்டுச்சோ," என்றான் கொம்பையா, சோற்றைப் பிசைந்துகொண்டே. அவன் ஒரு பேச்சுக்குச் சொன்னான். அவளுக்கு அது மூழ்குகிறவள் கையில் கிடைத்த விழுது. வெட்கத்தைத் தானே சுமக்க முடியாதவர்கள் அதை இறக்கிவைக்க ஓர் ஆளைத் தேடுவார்கள். அந்த ஆள் எப்போதும் பக்கத்திலேயே இருப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பிஞ்சு நின்றது. குட்டைச் சுவரின் உச்சியில், இரண்டு பக்கத்துக்கும் நடுவில். மற்றவை கோலிக்குண்டு அளவிலேயே விழுந்தபோது இது மட்டும் கைமுட்டி அளவுக்குப் பருத்தது. உடம்பெல்லாம் பூனைமுடி. பேச்சி வந்தால் இது அவளோடு பேசும். "நான் பெரிசா ஆயிட்டேனா?" என்று கேட்கும். "ஆயிட்ட, ஆயிட்ட," என்பாள் பேச்சி, இலையை இழுத்து மூடிவிட்டு. கொடைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

ஒரு நாள் விடிந்ததும் பேச்சி வந்தபோது மாடத்தி சுவர்மேல் சாய்ந்து நின்றாள். குடம் சுவர்மேல் இருந்தது. இலை விலகியிருந்தது. மாடத்தியின் முகம் பிஞ்சுக்கு அருகில் இருந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பேச்சிக்கு அந்தச் சிரிப்புதான் பொறுக்கவில்லை.

"எக்கா," என்றாள். குரல் தெருவுக்குக் கேட்டது. "என்ன செய்திய?"

"ஒண்ணும் செய்யலை. தண்ணி வைக்க வந்தேன். பேசுச்சு, பதில் சொன்னேன்."

"தொட்டியளா?"

"கை படாதுன்னு அன்னைக்கே சொன்னேன். படலை."

"பார்த்தியள்லா?"

"பார்த்தேன். பார்க்கக் கூடாதுன்னு நீ சொல்லலியே."

உலகம்மாள் வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் தெரு வந்தது. வாயில் வேப்பங்குச்சியோடு கொம்பையா வந்தான். இத்தனை பேருக்கு முன்னால் பேச்சியின் நெஞ்சில் எருக்குழியில் புதைத்த பிஞ்சுகளெல்லாம் ஒன்றாக எழுந்து வந்தன.

"இப்பத் தெரியுது," என்றாள். "என் பிஞ்செல்லாம் ஏன் அழுகிச்சுன்னு இப்பத் தெரியுது. தினம் தினம் இங்க நின்னு பார்த்திருக்கிய. விடியுமுன்ன வந்து பார்த்திருக்கிய."

கையைத் தூக்கினாள். சுட்டு விரலை நீட்டினாள்.

அவள் நீட்டியது மாடத்தியை நோக்கித்தான். ஆனால் விரலுக்கும் மாடத்திக்கும் நடுவில், சுவர்மேல், அந்தப் பிஞ்சு இருந்தது. விரல்நுனி அதன் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

"நானா?" என்றது பிஞ்சு.

யாருக்கும் அது காதில் விழவில்லை. உலகம்மாள் விரலை நீட்டினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் நீட்டினார்கள். கொம்பையா வேப்பங்குச்சியை இடதுகைக்கு மாற்றிக்கொண்டு நீட்டினான். எல்லா விரலும் மாடத்தியை நோக்கி. எல்லா விரலுக்கும் நடுவில் பிஞ்சு.

"நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்டது அது. தன்னைக் கொஞ்சிய முகத்தையும் மற்ற முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தது. இத்தனை பேர் சொல்கிறார்கள் என்றால் ஏதோ செய்திருக்கத்தான் வேண்டும் என்று அதற்குத் தோன்றிவிட்டது. அதன் வயசுக்கு அவ்வளவுதான் தெரியும். நுனியில் மஞ்சள் ஏறியது. பூனைமுடி உதிர்ந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழைந்து, காம்பை விட்டு, மாடத்தியின் காலடியில் விழுந்தது.

"பார்த்தியளா, அவ காலடியிலயே போய் விழுது," என்றாள் உலகம்மாள். "இதுக்கு மேல என்ன வேணும்?"

மாடத்தி குனிந்து பிஞ்சைப் பார்த்தாள், எடுக்கவில்லை. வீட்டுக்குள் போனாள். ஒரு சட்டியும் ஒரு சேலையும் எடுத்துக்கொண்டு வந்தாள். எப்போதாவது இப்படி ஒரு நாள் வரும் என்று அவற்றை வாசலுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். போகிறவள் கொடியின் முன்னால் நின்றாள்.

"நான் கொண்டாந்த தண்ணியைத்தான நீ குடிச்ச," என்றாள். "உனக்குத் தெரியாம எதுவும் நடந்திருக்காது. ஒரு வார்த்தை சொல்லேன்."

கொடி அவளைப் பார்த்தது. பேச்சியைப் பார்த்தது. வாய் திறந்தால் முதலில் வெளியே வர வேண்டியது தன்னுடைய பொய். இலையைக் கவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டது.

அப்போது ஒரு தேனீ வந்தது. சுவர்மேல் இருந்த வெறும் காம்பைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது.

"அட பாவமே," என்றது. "நின்ன ஒத்தப் பிள்ளையும் போச்சா?"

எல்லோரும் விரலை நீட்டியபடியே நின்றார்கள். மாடத்திதான் கேட்டாள். அந்த ஊரில் முதன்முதலாகக் கேட்கப்பட்ட 'ஏன்' அது.

"ஏன் ஒத்தைப் பிள்ளைன்னு சொல்லுத? மத்ததெல்லாம் ஏன் நிக்கலை?"

"எப்படி நிக்கும்?" என்றது தேனீ. "இந்தக் கொடியில தகப்பன் பூ வேற, தாய்ப் பூ வேற. பிஞ்சு இல்லாம நீளக் காம்புல நிக்கிறது தகப்பன். அதுல இருக்கிற மஞ்சப் பொடியை நான் கால்ல அப்பிக்கிட்டு வந்து தாய்ப் பூவில உதறணும். அப்பத்தான் பிஞ்சு பிடிக்கும். நானும் தினம் வாரேன். தகப்பன் பூவையே காணும். கிள்ளின காம்புதான் நிக்குது. எவளோ எனக்கு முன்ன வந்து பறிச்சுட்டுப் போயிருதா."

பேச்சியின் கண் பூவைக் கட்டிக்கொண்டு போன தன் மடிக்குப் போனது.

"அப்ப இது மட்டும் எப்படி நின்னுச்சு?" என்றாள் மாடத்தி.

"கொடியோட ஒரு கை சுவரைத் தாண்டி உன் பாறைக்கு வந்துச்சே. அதுல ஒரு தகப்பன் பூ விரிஞ்சிருந்தது. அதை யாரும் பறிக்கலை. அதிலருந்து எடுத்துட்டுப் போய்த்தான் இதுக்கு உயிர் கொடுத்தேன்."

மாடத்தி பேச்சியைப் பார்த்தாள். "கை படக் கூடாதுன்னுல்லா சொன்ன. அதான் பறிக்கலை."

"இதையெல்லாம் முன்னாடியே சொல்லறதுக்கென்ன?" என்று உலகம்மாள் தேனீயிடம் சீறினாள்.

"நீங்க கேக்கலையே. இப்பவும் கையைத் தூக்கிக்கிட்டுத்தான நிக்கிய."

வேலியோரத்திலிருந்து பாகல் வாயைத் திறந்தது. "துவட்டல் எப்படி இருந்துச்சு உலகம்மா? உப்பு சரியா இருந்துச்சா?"

தெரு முழுவதும் அவரவர் நாக்கில் அந்தத் துவட்டலின் ருசி திரும்பி வந்தது. கொம்பையா எச்சிலை விழுங்கினான்.

இந்த இடத்தில் அவர்கள் எல்லோரும் வெட்கப்பட்டுத் தலைகுனிந்தார்கள் என்று சொல்ல ஆசைதான். இல்லை. கூட்டம் அவ்வளவு சீக்கிரம் வெட்கப்படாது. முதலில் அது வேறொரு ஆளைத் தேடும். உலகம்மாளின் விரல் மாடத்தியை விட்டு விலகி, மெதுவாகப் பேச்சி பக்கம் திரும்பியது. மற்ற விரல்களும் கூடவே திரும்பின. கொம்பையாவின் விரல்கூட, பாதி வழி வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றது.

தன் முறை வந்துவிட்டது என்று பேச்சிக்குத் தெரிந்தது. அதில் அநியாயம் இருப்பதாகவும் தோன்றவில்லை.

"வாயைத் தொடைச்சுட்டு நீட்டு, உலகம்மா," என்றாள் மாடத்தி.

அவள் சுவரோரமாக நிற்கவில்லை. நடுவில் நின்றாள். குரல் மெதுவாக இல்லை.

"இந்தத் தெருவுல அந்தப் பூவைத் தின்னாதவ நான் ஒருத்தி. யாருக்காவது விரல் நீட்டுத பாத்தியதை இருந்தா அது எனக்குத்தான். நான் நீட்டலை. நீங்க எந்த வாயால தின்னு, எந்தக் கையால நீட்டுதிய?"

"தெரியாம நடந்துபோச்சு மாடத்தி," என்றாள் உலகம்மாள்.

"தெரியாம இல்லை. தெரிஞ்சுக்காம."

நீட்டிய விரல்களை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. அந்த ஊரில் நீட்டிய விரலைத் திரும்ப எடுத்த வழக்கமே கிடையாது. கையைக் கீழே போட வெட்கமாக இருந்தது. அப்படியே வைத்திருக்க அதைவிட வெட்கமாக இருந்தது. ஒவ்வொரு விரலும் முட்டியில் மடங்கியது. மடங்கிய விரலின் நுனி நேராக அவரவர் நெஞ்சைப் பார்த்தது. அதைப் பார்த்த பிறகுதான் தலைகள் குனிந்தன.

மாடத்தி தரையில் இறக்கியிருந்த சட்டியைப் பேச்சி எடுத்தாள். ஓடைப்பக்கம் திரும்பினாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றாள் மாடத்தி.

"நான் போறதுதான எக்கா முறை."

"போறதுன்னா போ. சட்டியை வச்சுட்டுப் போ. அது என் சட்டி."

பேச்சி சட்டியோடு நின்றாள். வைக்கவும் முடியவில்லை, கொண்டுபோகவும் முடியவில்லை. அழுகை வந்தது.

"நீ போயிட்டா கொடிக்கு யாரு தண்ணி ஊத்துவா?" என்றாள் மாடத்தி. "எனக்குத்தான் கைராசி கிடையாதே."

அது மன்னிப்பு இல்லை. பேச்சியும் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை. சட்டியை மாடத்தியின் வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு, விழுந்த பிஞ்சைக் கையில் எடுத்தாள். எருக்குழிக்குக் கொண்டுபோகாமல் சுவரடியில் குழி தோண்டி, எல்லோரும் பார்க்கும்படியாகப் புதைத்தாள்.

அந்த வைகாசிக் கொடைக்கு அம்மனுக்குக் காட்டுப் பூசணிதான் வந்தது. பேச்சி தேர் பார்க்கப் போகவில்லை. ஊருணிக்குப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவளைக் குத்திக் காட்டுவதற்காக இல்லை, அவளைப் பார்த்தால் அவர்களுக்குத் துவட்டல் ஞாபகம் வந்தது. மாடத்தி தினமும் குடம் சுமந்து வந்தாள். ஆனால் சுவர்மேல் வைக்கவில்லை. சுவரைத் தாண்டி உள்ளே வந்து, தன் கையாலேயே கொடிக்கு ஊற்றினாள். பேச்சி தள்ளி நின்றாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

கொடியும் பேசவில்லை. ஒரு வார்த்தை கேட்டபோது கொடுக்காத வாய் இனி எதற்கு என்று அது வாயையே விட்டுவிட்டது. மாடத்தி ஊற்றும் தண்ணீரைக் குடிக்கும்போதெல்லாம் இலையைக் கவிழ்த்துக்கொள்ளும். அந்தத் தோட்டத்தில் மற்றச் செடிகளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தன. தாங்களும் பார்த்துக்கொண்டுதானே நின்றோம் என்று அவற்றுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். பாகல் மட்டும் கடைசிவரை முணுமுணுத்துவிட்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் காய்க்குள் வைத்துக்கொண்டது.

தகப்பன் பூக்களை யாரும் பறிக்கவில்லை. தேனீ வந்தது, போனது.

ஆனி பிறந்து காற்று கிளம்பிய ஒரு காலையில், பேச்சி கொடியின் இலையை விலக்கினாள். அடியில் ஒளித்து வைத்தாற்போல் ஒரு பிஞ்சு, கைமுட்டி அளவில் நின்றது. உடம்பெல்லாம் பூனைமுடி. சந்தோஷத்தில் அவளுக்கு எல்லாம் மறந்துபோயிற்று.

"எக்கா, இங்க பாருங்க," என்றாள். கை பழக்கத்தில் எழுந்தது. சுட்டு விரல் நீண்டது.

பிஞ்சுக்கு வாய் இல்லை. ஆனால் அது காம்போடு ஒடுங்கியது. பேச்சி அதைப் பார்த்தாள். அவளுடைய கை அந்தரத்தில் நின்றது. விரலை மெதுவாக மடக்கினாள்.

மாடத்தி குடத்தை இறக்கிவைத்துவிட்டு வந்தாள். பிஞ்சைப் பார்க்கவில்லை. பேச்சியின் கையைத்தான் முதலில் பார்த்தாள்.

"எங்க காட்டுத?"

"அந்தா, இலைக்கு அடியில."

"விரல் உன்னையில்லா காட்டுது."

"காட்டட்டும் எக்கா," என்றாள் பேச்சி. "அது அப்படியே இருக்கட்டும்."

மாடத்தி குனிந்து பிஞ்சைப் பார்த்தாள். கையை நீட்டி, அதன் பூனைமுடியை ஒரு தரம் தடவினாள். பேச்சி தடுக்கவில்லை. பிஞ்சு அழுகவில்லை. அது முற்றிக் கனத்துச் சுவரடியில் சாய்ந்தபோது அதை இருவரும் சேர்ந்துதான் தூக்க வேண்டியிருந்தது.

பிஞ்சைக் கையால் தடவினாலும் தாங்கும், காற்றடித்தாலும் தாங்கும், வெயிலையும் தாங்கும். தாங்காமல் போனது நம்முடைய வெட்கம்தான். அதைச் சொல்ல வாய் வராமல் பிஞ்சின் மேல் போட்டுவிட்டோம். பேச்சி அன்றைக்கு மடக்கிய விரலைத்தான் பூசணிக்கொடிக்கு முன்னால் நாம் இன்றுவரை மடக்குகிறோம். மனுஷிக்கு முன்னால் அதை மடக்க மட்டும் இன்னும் பழகவில்லை.